வலைத்தளத்தின் பெயர் வழுவின்றித் தோன்றும் வழி

சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். கல்வி, கைத்தொழில், சிக்கனம், விவாகச் செலவு முதலியவற்றைப் பற்றிப் பெரியோர் பலர் பேசிய இம்மேடையில், தேடுபொறியில் ஒரு வலைத்தளத்தின் பெயர் எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பற்றியும் ஒரு பிரசங்கம் வேண்டுமோ என்று ஐயுறுவாரும் இருப்பர். யாமும் சில காலத்திற்கு முன்வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்கு உணர்த்தியவர் ஓர் அம்மையார். அவர் வரலாற்றை முதலிற் கூறுதல் நலம்.

நம் சங்கத்தின் வலைத்தளத்தில் ஆண்டுதோறும் மாணவர் உதவிநிதிக்குரிய விண்ணப்பம் வெளியிடப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள். 2024-ஆம் ஆண்டில், விண்ணப்பத்தின் கடைசி நாள் கழிந்து மூன்று வாரம் சென்றபின், வெளியூரிலிருந்து அவ்வம்மையார் தம் மகனை அழைத்துக்கொண்டு நம் காரியாலயத்திற்கு வந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து மகனைப் பாலிடெக்னிக்கிற் படிக்க வைப்பவர். விண்ணப்பத்தைக் காலத்தில் அனுப்பாதது ஏன் என வினவினோம். அவர் மறுமொழி சொல்லாமல் தம் கைப்பேசியை எடுத்து, நம் சங்கத்தின் பெயரைத் தமிழில் இட்டுத் தேடி, அதை எம்முன் நீட்டினார். முதலில் வந்தது, வேறோர் ஊரில் ஏறக்குறைய நம் பெயரையே உடைய மற்றோர் அமைப்பின் பக்கம். அதன் கீழே வந்தது நம் தளந்தான். ஆயினும் அது நம்முடையதென்று அறிதற்கு அங்கே யாதோர் அடையாளமும் இல்லை. சங்கத்தின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் பொருள் விளங்காத ஆங்கில எழுத்துக்கள் ஏழு நின்றன. நம் இலச்சினை இருக்கவேண்டிய இடத்தில் ஓர் உலக உருண்டையின் படம் இருந்தது.

"இதைத் தொட்டால் பணம் போய்விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன், ஐயா" என்றார் அவர்.

அறியாத இணைப்பைத் தொடவேண்டாமென்று கூட்டந்தோறும் சொல்லி வருபவர்கள் நாம். அவர் செய்தது சரி; பிழை நம்முடையது. செயற்குழு கூடி விதியைத் தளர்த்தி அப்பையனுக்கு உதவி வழங்கிற்று என்று இங்கே கூற எமக்கு ஆசையுண்டு. அவ்வாறு கூறுதற்கில்லை. அவ்வாண்டின் நிதி முழுவதும் அதற்குள் பங்கிடப்பட்டுவிட்டது. அவ்விருவரும் வெறுங்கையுடன் திரும்பினர். அன்றிரவே யாமும் நம் இளைஞர் இருவரும் உட்கார்ந்து இதன் காரணத்தை ஆராயத் தொடங்கினோம். அவ்வாராய்ச்சியிற் கண்டவற்றையே இப்போது தங்கள் முன் வைக்கிறோம். சங்கத்திற்கு மட்டுமன்று, கடையோ பள்ளியோ மருத்துவ விடுதியோ நடத்தி அதற்கென ஒரு தளம் வைத்திருக்கும் அங்கத்தினர் அனைவர்க்கும் இது பயன்படும்.

கூகிள் என்னும் தேடுபொறியில் வரும் விடை ஒன்றை உற்று நோக்குங்கள். மேல் வரிசையில் ஒரு சிறு சின்னமும், அதனருகே தளத்தின் பெயரும், அதையொட்டித் தளத்தின் விலாசமும் இருக்கும். அதன் கீழே பெரிய எழுத்தில் அந்தப் பக்கத்தின் தலைப்பும், அதற்குங் கீழே சில வரிகளும் வரும். தளத்தின் பெயர் வேறு, பக்கத்தின் தலைப்பு வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். நூலின் பெயர் ஒன்று. அதிலுள்ள அதிகாரங்களின் பெயர் பல. நம் தளத்தில் நூறு பக்கம் இருப்பினும் தளத்தின் பெயர் ஒன்றே.

இவ்வாறு தளத்தின் பெயரைத் தனியே காட்டும் ஏற்பாடு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் கைப்பேசித் தேடலில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கப்பெற்றது. 2023-இல் அது கணினித் திரைக்கும் ஏனைய மொழிகளுக்கும் விரிந்தது. அதற்கு முன்னர் அவ்விடத்தில் விலாசமே நின்றது.

இப்பெயரை யார் தீர்மானிக்கிறார்? மனிதர் எவரும் இல்லை. ஆகவே ஒரு மகஜர் எழுதி எவரிடமாவது கொடுத்துப் பெயரைத் திருத்திக்கொள்ள இயலாது. தேடுபொறியின் இயந்திரம் தானே நம் தளத்திற்கு வந்து, அதிலுள்ளவற்றைப் படித்து, பிற தளங்களில் நம்மைப் பற்றி எழுதியிருப்பவற்றையும் நோக்கி, இத்தளத்தின் பெயர் இன்னது என்று முடிவு செய்கிறது. நியாயஸ்தலத்தில் சாட்சிகளை விசாரிப்பது போன்றது இது. சாட்சிகள் அனைவரும் ஒரே வாக்காகச் சொன்னால் வழக்கு எளிதில் முடியும். ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் வேறொன்று சொன்னால், ஐயமற்றது எதுவோ அதையே கொள்ள நேரும். தளத்தின் விஷயத்தில் ஐயமற்றது விலாசம் ஒன்றே. நம் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏழெழுத்து விலாசம் நின்றதன் காரணம் இதுதான். நம் சாட்சிகள் முரண்பட்டிருந்தனர்.

அவர்கள் எவ்வாறு முரண்பட்டனர் என்பதை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, முகப்புப் பக்கத்தின் தலைப்பு. பக்கத்தின் மூலத்தில் 'டைட்டில்' என்றொரு குறிப்பு உண்டு. உலாவியின் தாவலில் தெரிவது அதுவே. நம் தளத்தில் அது 'முகப்பு' என்று மட்டும் இருந்தது. பக்கத்தின் உள்ளே பெரிய எழுத்தில் இருந்த தலைப்போ 'நல்வரவு'. வருவோரை வரவேற்கும் ஆர்வத்தில் வீட்டுக்காரன் தன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டான். சங்கத்தின் பெயர் பக்கத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஒரு படத்தினுள் ஓவியமாக எழுதப்பட்டிருந்தது. கண்ணுக்கு அழகாயிருந்ததே யன்றி எழுத்தாக அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது, எழுத்து வேறுபாடு. தமிழில் நம் பெயர் ஒன்றே. ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'சங்கம்' என்னும் சொல்லில் ஜி எழுத்துக்குப் பின் எச் எழுத்தைச் சிலர் சேர்க்கின்றனர், சிலர் விடுகின்றனர். நம் முகநூல் பக்கத்தில் ஒரு விதம், தளத்தின் அடியில் மற்றொரு விதம், கிளைகள் தங்கள் பக்கங்களில் எழுதியது வேறொரு விதம். இவற்றையெல்லாம் கண்ட இயந்திரம் இவை மூன்று சங்கங்களோ என மயங்குமாயின் அதைக் குறை கூறுதல் தகாது.

மூன்றாவது, நம் பெயரை நாமே முறையாகப் பிரகடனம் செய்யாமை. இதுவே யாவற்றினும் பெரிய குறை; ஆகவே சிறிது விரித்துரைப்போம். இயந்திரம் ஐயமின்றிப் படிக்கத்தக்க வகையில் பக்கத்தின் மூலத்தில் எழுதிவைக்கும் குறிப்புக்களைக் கட்டமைத்த தரவு என்பர். அதற்குரிய சொற்களின் அகராதியாகிய ஸ்கீமா என்பதை 2011-ஆம் ஆண்டில் கூகிள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்டன. அவ்வகராதியில் 'வெப்சைட்' என்றொரு வகை உண்டு. அதன் கீழ் நாம் எழுதவேண்டியவை மூன்றே: 'நேம்' என்பதில் தளத்தின் பெயர், 'ஆல்டர்நேட் நேம்' என்பதில் மாற்றுப்பெயர்கள், 'யூஆர்எல்' என்பதில் முகப்பின் விலாசம். இவற்றை ஜேசன்-எல்டி என்னும் நடையில் ஐந்தாறு வரிகளாக எழுதி முகப்புப் பக்கத்தின் மூலத்திற் சேர்த்துவிடலாம்.

இதைப் பத்திரப்பதிவோடு ஒப்பிட்டால் தாய்மார்களுக்கும் எளிதில் விளங்கும். பத்திரத்தில் ஒருவரது பெயரை எழுதும்போது, அவருக்கு ஊரில் வழங்கும் வேறு பெயரும் இருந்தால் 'என்கிற' என்னும் சொல்லை இட்டு அதையும் எழுதுகிறோம் அல்லவா? 'நேம்' என்பது பெயர். 'ஆல்டர்நேட் நேம்' என்பது 'என்கிற' என்பதன்பின் வரும் பெயர். மாற்றுப்பெயர் பல இருப்பின் முக்கியமானதை முதலில் வைத்து வரிசையாக எழுதவேண்டும். நம் பெயரின் ஆங்கில எழுத்து வடிவங்களையும் அங்கே எழுதிவிட்டோம்.

இக்குறிப்பு முகப்புப் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். உட்பக்கங்களில் வைப்பதாற் பயனில்லை. மாணவர் விடுதிக்குரிய பக்கங்களுக்குத் தனிப்பெயர் தோன்றச் செய்யலாமா என்று விடுதிக் காரியதரிசி எம்மை வினவினார். அப்பக்கங்கள் சங்கத்தின் விலாசத்திற்குப் பின் ஒரு சாய்கோடிட்டு வருவன. அதாவது ஒரே வீட்டின் உள்ளறைகள். அவற்றிற்குத் தனிப்பெயர் கிடையாது. விலாசத்தின் முன்னே ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்துக் கிளைத்தளமாக அமைத்தால் தனிப்பெயர் பெறலாம். அது வேண்டுமா என்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும்.

நான்காவது, இரண்டு வாயில்கள். நம் விலாசத்தின் முன்னே டபிள்யூ எழுத்து மூன்றும் இட்டால் ஒரு முகப்பும், இடாவிட்டால் பழைய முகப்பும் வந்துகொண்டிருந்தன. இரண்டிலும் பெயர் வேறுவேறாக இருந்தது. ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுதல் வேண்டும். இரண்டும் இருந்தே தீருமாயின் இரண்டிலும் ஒரே பிரகடனம் இருத்தல் வேண்டும். பூட்டில்லாத எச்.டி.டி.பி. விலாசத்திற்கும் பூட்டுள்ள எச்.டி.டி.பி.எஸ். விலாசத்திற்கும் இவ்விதியே பொருந்தும்.

ஐந்தாவது குறை நம் தளத்தில் இல்லை. ஆயினும் அங்கத்தினர் ஒருவரது கடையின் தளத்தில் அதைக் கண்டமையாற் சொல்லுகிறோம். இயந்திரம் எங்கெங்கே நுழையலாம், எங்கெங்கே நுழையலாகாது என்று அறிவிக்கும் 'ரோபோட்ஸ்' என்னும் ஒரு சிறு கோப்பு தளங்களில் இருக்கும். இவ்வழக்கம் 1994 முதல் உள்ளது. தளத்தைப் புதுப்பிக்குங்கால் முகப்பை யாரும் காணவேண்டாமென்று அக்கோப்பில் ஒரு தடை எழுதினவர், வேலை முடிந்தபின் அதை நீக்க மறந்துவிட்டார். முகப்பைப் படிக்க முடியாத இயந்திரம் அதிலுள்ள பெயரை எவ்வாறு அறியும்? கதவைத் தாழிட்டுவிட்டுப் பெயர்ப்பலகையை வீட்டினுள்ளே மாட்டிவைத்ததை ஒக்கும்.

இக்குறைகளைக் களைவது இளைஞர்களுக்கு ஒரு பகலின் வேலையாயிற்று. ஆனால் எப்பெயரைப் பிரகடனம் செய்வது என்பதில் செயற்குழுவுக்கு ஒரு மாதம் சென்றது. அவ்விவாதத்தை மறைக்க வேண்டுவதில்லை; அதிலும் படிப்பினையுண்டு.

பதிவுப் பத்திரத்திலுள்ள நம் சங்கத்தின் பெயர் பதினொரு சொற்கள் கொண்டது. அதை முழுவதும் எழுதவேண்டுமென்று பெரியோர் சிலர் வற்புறுத்தினர். பெயரின் ஒவ்வொரு சொல்லும் முன்னோர் பல நாள் கூடி ஆலோசித்து வைத்தது; அதைக் குறைத்தால் அவர்களைக் குறைத்ததாகும் என்றார் ஒருவர். அவர் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தேடுபொறியில் பெயருக்கு விடப்படும் இடம் சிறிது. நீண்ட பெயரைச் சில கைப்பேசிகள் நடுவிலே வெட்டிவிடும். வெட்டியபின் எஞ்சுவது முதல் மூன்று நான்கு சொற்களே. நம் முதல் நான்கு சொற்களும் ஜில்லாவின் பெயரும் ஆண்டுமாகவே இருப்பதால், எஞ்சியதைக் காண்பவர் அது இன்ன சங்கம் என்று அறியார். சுருக்கமாயும் ஊரார் வழங்குவதாயும் உள்ள பெயரே ஏற்றது என்பதுதான் கூகிளின் வழிகாட்டுதலும்.

அப்போது நம் பொக்கிஷதார் ஒரு வார்த்தை சொன்னார். "பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் ஆட்டோக்காரரிடம் நம் காரியாலயத்திற்கு எந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்கிறாரோ, அந்தப் பெயரைப் போடுங்கள்" என்றார். அவ்வளவில் விவாதம் முடிந்தது. ஊரில் வழங்கும் மூன்று சொற்பெயர் 'நேம்' ஆயிற்று. பதினொரு சொற்பெயர் மாற்றுப்பெயர்களில் முதலிடம் பெற்றது. முகப்பின் அடியிலும் முழுமையாக எழுதப்பெற்றது. பதிவுப் பத்திரத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. முன்னோர் வைத்த பெயரைக் காப்பதும், வருகிறவருக்கு வழி தெரியச் செய்வதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்று யாவரும் கண்டோம்.

வியாபாரிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. தம் கடையின் பெயரை விடுத்து, 'மலிவான ஜவுளிக்கடை' என்றாற்போலப் பொதுச் சொற்களைப் பெயராக இட விரும்புவோர் உண்டு. அவ்வாறு தேடுகிறவர் கண்ணில் படலாமென்பது அவர்கள் கருத்து. அத்தகைய பொதுப்பெயரை இயந்திரம் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஏற்பினும், எல்லாக் கடைக்கும் பொருந்துவது எந்தக் கடைக்கும் பெயராகாது. பாட்டனார் பலகையில் எழுதிய பெயரையே இடுங்கள்.

பெயர் தீர்மானமானபின் அதையே 'டைட்டில்' குறிப்பிலும், முகப்பின் பெரிய தலைப்பிலும், முகநூல் முதலியவற்றில் இணைப்பைப் பகிரும்போது பயன்படும் ஓபன் கிராஃப் குறிப்பின் 'சைட் நேம்' என்பதிலும் ஓரெழுத்தும் மாறாமல் எழுதினோம். இலச்சினையைச் சதுரமான சிறு படமாக்கி முகப்பில் இணைத்தோம். அது 48 பிக்சலுக்கு மேற்பட்டிருத்தல் நலம். பின்னர் 'சர்ச் கன்சோல்' என்னும் கூகிளின் இலவசக் கருவியிலே முகப்பின் விலாசத்தை இட்டு, மறுபடியும் வந்து பார்க்குமாறு கோரினோம்.

அதன்பின் செய்யவேண்டியது பொறுத்திருத்தல் ஒன்றே. இதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். பதினோராம் நாள் வரை ஒன்றும் மாறவில்லை. இளைஞர்கள் மனஞ்சலித்துப் பெயரை வேறு விதமாக மாற்றிப் பார்க்கலாமா என்றனர். யாம் தடுத்தோம். சாட்சி தினந்தோறும் வாக்கை மாற்றினால் வழக்குத் தீராது. மூன்றாம் வாரத்தில் முகப்புப் பக்கத்திற்குச் சரியான பெயர் வந்தது. உட்பக்கங்களில் வருவதற்கு மேலும் சில நாட்கள் சென்றன.

இவ்வளவு செய்தும் விரும்பிய பெயர் வரவில்லையென்றால் என் செய்வது? மாற்றுப்பெயர்களில் ஒன்று ஏற்கப்படலாம். அதுவும் இல்லையாயின், பிழையான பெயர் நிற்பதை விட விலாசம் நிற்பது மேல் என்று கருதி, விலாசத்தையே சிறிய ஆங்கில எழுத்துக்களில் பெயராக எழுதிவைக்கலாம். முடிவு இயந்திரத்தினுடையது, உறுதி கூற எவராலும் இயலாது. ஆகவே, பணம் கொடுத்தால் நாளைக்கே பெயரை மாற்றித் தருவோம் என்று தொலைபேசியில் அழைப்பவரை நம்பவேண்டாம். பெயர் அங்கே விற்கப்படுவதில்லை. தளத்தின் மூலத்தைத் திருத்தித் தருபவருக்கு வேலைக்குரிய கூலி கொடுப்பது முறை. பலனை விற்பதாகச் சொல்பவருக்குக் கொடுப்பது வீண்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். பெயர் சரியாகத் தோன்றுவதே ஒரு தளம் உண்மையானது என்பதற்கு அத்தாட்சியாகாது. நாம் நம் பெயரைப் பிரகடனம் செய்ததைப் போலவே வஞ்சகன் ஒருவனும் நம்மதை ஒத்த பெயரைத் தன் தளத்தில் எழுதிக்கொள்ளக்கூடும். ஆதலின் பணமோ, வங்கிக் கணக்கு விவரமோ கேட்கப்படும் இடத்தில் பெயரை மட்டும் பாராது விலாசத்தையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் தளத்தின் விலாசம் இப்பத்திரிகையின் அட்டையில் மாதந்தோறும் அச்சாகின்றது. ஐயமிருப்பின் அதனோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

சகோதர சகோதரிகளே! யாம் தங்களிடம் வேண்டுவன மூன்று. இன்றிரவு வீடு சென்றதும் நம் சங்கத்தின் பெயரைத் தாங்கள் வாயாற் சொல்லுகிறபடியே கைப்பேசியில் தேடிப் பாருங்கள். தோன்றுவது பிழையாயின் அதைப் படமெடுத்துத் தேதியுடன் காரியாலயத்திற்கு அனுப்புங்கள். இஃது ஒன்று. கிளைச் சங்கத்தாரும், தளம் வைத்திருக்கும் அங்கத்தினரும் தங்கள் பக்கங்களில் நம்மைக் குறிக்கும்போது ஒரே பெயரை ஒரே எழுத்தில் எழுதுங்கள். பிறர் சொல்லும் சாட்சியும் கணக்கில் வருமென்று முன்னரே கூறினோம். இஃது இரண்டு. தங்கள் கடை, பள்ளி முதலியவற்றின் தளங்களில் மேற்கூறிய ஐந்து குறைகளும் உண்டா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்க்கு நம் இளைஞர் இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலையிற் காரியாலயத்தில் உதவுவார்கள். இது மூன்று.

அந்த அம்மையாரின் மகனது விண்ணப்பம் 2025-ஆம் ஆண்டில் முதல் வாரத்திலேயே வந்துசேர்ந்தது; உதவியும் வழங்கப்பெற்றது. அதற்கு முந்தின ஆண்டின் கட்டணத்தை அவர் எவ்வாறு கட்டினார் என்பதை யாம் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எமக்கில்லை. ஒரு பெயர் உரிய இடத்தில் எழுதப்படாமையால் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு ஓராண்டு இழப்பு நேர்ந்தது. இனியொருவருக்கு அவ்வாறு நேரலாகாது என்பதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.